பிரித்த நாள்

சாக்கின் முதுகில் பெரிய எழுத்தில்
தயாரித்த நாளிலிருந்து பதினெட்டு மாதம்.
அதன் கீழே எறும்பு வரிசையாக
பிரித்தபின் ஆறு வாரம், ஈரமில்லாத இடம்,
வெயில் படாமல் மூடியே வைக்கவும்.
எறும்புகளை ரெண்டு பேருமே
தட்டிவிட்டோம்.

பத்துக் கிலோ சீஸ் பவுடர்.
காலையில் விரிந்த பூவரசம்பூ நிறம்.
வைகாசி கடைசி வெள்ளி,
சமாதானபுரத்துக் கடையில்
கத்தரியால் அதன் வாயை வெட்டினாள் பரமகல்யாணி.
அன்றைக்குத்தான் கணக்கு நோட்டையும் வெட்டினோம்.
பாப்கார்ன் மெஷின் அவளுக்கு.
சிப்ஸ் சட்டியும் பாக்கெட் ஒட்டுகிற மெஷினும் எனக்கு.
சண்டையெல்லாம் தராசுக்குத்தான்.
அதிலேயே நிறுத்து ஆளுக்கு ஐந்து கிலோ,
முள் நடுவில் நிற்கும்வரை
ஒரு கரண்டி அவள், ஒரு கரண்டி நான்,
முகம் பார்க்காமல்.
கடைசியில் தராசைத் தூக்கிக்கொண்டு
செங்கோட்டை பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்தருவி போகிற ரோட்டில் அவளுக்கு சீசன் கடை.
ஆனியில் சாரல் பிடித்தது.
குளித்த தலையைத் துவட்டாமலே
பொட்டலத்துக்குக் கை நீட்டுகிற கூட்டம்.
பத்தொன்பதாம் நாள் போன் வந்தது.
'ஏட்டி சேர்மக்கனி, தூளு கல்லாயிட்டு.
சல்லடையில போட்டா உருளுது.'
'நனைஞ்ச கரண்டிய விட்டிருப்ப.'
'கரண்டிய நனைக்கத் தனியா தண்ணி வேணுமாக்கும்?
இங்க காத்தே தண்ணிதாம்ட்டி.'
டப்பாவுக்கு மூடி உண்டா என்று கேட்டேன்.
அவ்வளவு கூட்டத்தில்
யாரு மூடி மூடித் திறப்பா என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.
என் ஐந்து கிலோ கண்ணாடி ஜாடியில்,
ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில், வாசலைப் பார்த்து,
வருகிறவர் கண்ணில் படட்டும் என்று.
பாளையங்கோட்டையில் ஈரத்துக்கு எங்கே போக.
தேரிக்காட்டு மணலாக உதிர்ந்துகொண்டிருந்தது,
நல்ல பிள்ளை.
ஆடி பிறந்து ஒரு மத்தியானம் உற்றுப் பார்த்தேன்.
பூவரசம்பூவுக்குச் சாயங்காலம் ஆகியிருந்தது.
ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்.
எப்போதோ உடைத்து மறந்த தேங்காய் மூடி.
காறல்.
கல்லானது கண்ணுக்குத் தெரியும்,
காறினது உதிர்ந்துகொண்டே இருக்கும்.
அதற்குள் மரவள்ளிச் சிப்ஸில் தூவி
நூற்றிருபது பாக்கெட் ஒட்டி அனுப்பியிருந்தேன்.
மேலப்பாளையத்துக் கடை ஒன்றிலிருந்து மட்டும்
முப்பத்தெட்டு திரும்பி வந்தது.

மேலாக உள்ளதை வழித்துக் கொட்டிவிட்டு
அடியில் கிடந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.
மறுநாள் எடுத்த கையோடு மூடியைத் திருகினேன்.
ஜாடி வேர்த்தது,
வெளியே வேர்த்தது போலவே உள்ளேயும்.
எனக்கும் கல்.
அவளுக்குத்தான் போன் போட்டுச் சொன்னேன்,
வேறு யாருக்குப் புரியும்.
சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல்,
'குளிரு விடுற மட்டும் மூடியத் தொடக்கூடாதுட்டி.
சும்மா கெடக்கட்டும்னு வெளியே வச்சிட்டு
வேற சோலியப் பாக்கணும்.'
சீசன் கடை வாடகை பேசினோம்.
அவள் மகனுக்கு டிப்ளமோ பீஸ் கட்டினது பேசினோம்.
பன்னிரண்டு நிமிஷம் என்று காட்டியது போன்.

ஆவணியில் சேர்ந்து ஒரு பெட்டி வரவழைத்தோம்.
சாக்கு வேண்டாம்.
ஒரு கிலோ பொட்டலம், உள்ளே வெள்ளித்தாள், பன்னிரண்டு.
கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடுதல்தான்.
கூடட்டும்.
ஆறைச் செய்தித்தாளில் சுற்றி
தென்காசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்,
'இஞ்சின் பக்கம் வச்சிராதிய அண்ணாச்சி'
என்று ரெண்டு தடவை சொல்லி.
என் ஆறும் அலமாரியின் அடித்தட்டில், இருட்டில்.
ஒன்றை மட்டும் வெட்டி
எவர்சில்வர் டின்னில் கொட்டி அழுத்தி மூடி
காய்ந்த கரண்டியை மேலே வைத்து
மார்க்கரால் எழுதினேன், பிரித்த நாள்.
அச்சடித்த நாள் கம்பெனிக்காரனுக்கு.

தராசைக் கேட்கவேண்டும் என்று நினைத்துத்தான்
ராத்திரி அவளுக்குப் போன் போட்டேன்.
பேச்சில் மறந்துபோயிற்று.