பெரட்டு

எண் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும்.
கேள்வி ஒன்றுதான்:
“பசியாறிட்டீங்களாக்கா?”

ஜெயிலுக்குள்ளிருந்து கேட்கிறான் சீலன்.
அவன் குரலுக்குப் பின்னால் காற்றாடி ஓடுகிறது.
போன வருஷம் கிடைத்த காற்றாடி.
செம்புக் கம்பி திருடிய மூன்று பையன்கள்
அதற்கு விலை.

புக்கிட் லெம்பிங்கில் அவனைக்
கிராணி என்றுதான் சொல்வோம்.
அப்பன் மருந்தடித்தவர்,
அம்மா செம்பனை உதிரி பொறுக்கியவள்,
ஆபீஸ் படியை மிதிக்காத குடும்பம்.
ஆனால் அவன் தலைக்குள் ஒரு செக்ரோல் இருந்தது.
யார் யாருக்கு எத்தனை வெள்ளி பாக்கி,
யார் பெண்டாட்டி வியாழக்கிழமை எங்கே போகிறாள்,
எந்தக் கோழிக்கொட்டாய்க்குப் பின்னால்
எத்தனை தோம்பு சம்சு.
வெளியே இருந்தவரை
அதைக் காட்டி எங்களிடம் வாங்கினான்.
உள்ளே போன பிறகும் அதே புத்தகம்தான்,
வாங்குகிற ஆள் மாறிவிட்டான்.

ஒரு பெயருக்கு மெத்தை.
பெயரோடு காடி நம்பரும் சேர்ந்தால்
பத்து நாள் ஆஸ்பத்திரி வார்டு, கோழிக்கறி.
துப்பாக்கி என்றால்
சார்ஜன் ரோஸ்லானே புறப்பட்டுப் போவார்,
சிகரெட் பாக்கெட்டோடு.

பாலாய்க்கு எதிரில்தான் என் நாசி லெமாக் கடை.
துப்பாக்கி எங்கிருந்துதான் வருகிறது என்று
கார்ப்பரல் மணிவாசகத்திடம் ஒருநாள் கேட்டேன்.
முட்டையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:
“தின்றவன் கோழியைத் தேடுவானா, ஜெசி?”

மூன்று வருஷத்தில்
நான்கு வீட்டில் பிடிபட்டது துப்பாக்கி.
பேப்பரில் நான்கு படம்.
நான்கிலும் அதே உடைந்த பிடி,
அதில் சுற்றிய அதே பச்சை நைலான் கயிறு.
சார்ஜனின் தொப்பை மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்திருந்தது.

நான்காவது படம் தயாளனுடையது.
வெள்ளிக்கிழமை புது மோட்டார் எடுத்தான்,
ஞாயிற்றுக்கிழமை விலங்கு.
அவன் அம்மா சரசு
இன்றைக்கும் சீலன் பெயருக்குத்தான்
அர்ச்சனை செய்கிறாள்.
உள்ளே பையனை அவன்தான் பார்த்துக்கொள்கிறானாம்.
சோப்பு வாங்கிக் கொடுத்தானாம்.
யாரும் அடிக்காமல் பார்த்துக்கொண்டானாம்.
நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
என்னைத்தான் திட்டியிருப்பாள்.

போன சனிக்கிழமை,
பசியாறியதைக் கேட்டு முடித்த பிறகு,
கொஞ்சம் இழுத்தான்:
“டெரிக் இப்ப என்னக்கா படிக்கிறான்?”

மகன் பெயரை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

இன்றைக்கு விடியற்காலை மூன்று மணி.
பாண்டான் இலை போட்டுச் சோறு அடுப்பில்.
பின்பக்கம் நெத்திலி மூட்டையை நகர்த்தினால்
கீழே பச்சைக் கயிறு.
உரித்த தேங்காய் கனம்.
இவ்வளவு சின்னதா என்று முதலில் தோன்றியது.
அப்புறம்தான் கால் நடுங்கியது.

ஆறு மணிக்கு வருவார்கள்.
எப்போதும் ஆறுதான்,
தோட்டத்தில் பெரட்டு கலையும் நேரம்.

ஆற்றில் போடலாம்.
போட்டால் இன்னொன்று வரும்,
இல்லாவிட்டால் வேறெதுவோ வரும்,
என் பெயருக்கு நேரே கோடு அடிக்கும்வரை
அவன் புத்தகத்தை மூடமாட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் வீடு.
கூத்துப் பணம் நாலாயிரம் தரவேண்டும்,
அவள் தண்ணித்தொட்டி மூடி சரியாக மூடாது.
அதற்கடுத்து ஆ மோய்.
போன மாதம் என் கடைக்கு முன்னால்
சாக்கடைத் தண்ணியை ஊற்றினாள்.
அப்புறம் சரசு.
சரசு வீட்டை ஏற்கெனவே சோதித்துவிட்டார்கள்,
நாய்கூட குரைக்காது.

ஐயோ, நான் யோசிக்கவே இல்லை.
கூப்பிடாமலே வந்து
வரிசையில் நின்றார்கள் எல்லோரும்,
தலையில் முக்காடும் கையில் தூக்குச்சட்டியுமாக,
இருட்டில்,
யார் பெயர் முதலில் என்று
என் வாயைப் பார்த்துக்கொண்டு.

சோறு அடிப்பிடிக்கும் வாசனை.
அடுப்பை அணைக்க ஒரு கை போதும்.
என் இரண்டு கையிலும்
அது இருந்தது.