மூன்றாவது அன்டெனா

சார்ஜென்ட் அவென்யூ பழைய சாமான் கடையில்
ஒன்பது டாலருக்கு ஒன்று.
மற்றது நான் வினிபெக் வந்த வருடம் வாங்கியது.
ஒரே கறுப்பு ஓடு, ஒரே மூன்று கொம்பு,
ஒரே பெயர், ஒரே மாடல் எண்.
மேசையில் பக்கம் பக்கமாக வைத்தால்
ஒன்றுக்கு மற்றது பரீட்சை எழுதலாம்.

கவிழ்த்தால்தான் தெரியும்.
விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினேன்.
பார்கோடு முடிகிற இடத்தில்
எறும்பின் முழங்கால் அளவு எழுத்து:
பழையதில் வி2,
கடையில் வாங்கியதில் வி5.

ஐந்து பெரிது என்று நினைத்தேன்.
பள்ளிக்கூடக் கணக்கு.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பஸ் கராஜில் இன்று எனக்கு இரவு வேலை இல்லை.
கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி டாலிசாய்
தன் மகன் ரென்ஸின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று
மூன்று தரம் சொல்லிவிட்டாள்.
சிபூவில் இருக்கிற பெண்ணோடு கதைக்க
அவன் பனிச்சப்பாத்தோடு
மாடிப்படியில் குந்தியிருக்கிறான்.
அதற்குத்தான் இந்த ஒன்பது டாலர்.

பழையதில் நான் ஏற்றிவைத்த ஃபர்ம்வேர்
இரண்டு வருடமாக ஒரு தடவையும் விழவில்லை.
அதே கோப்பை இதற்கும் கொடுத்தேன்.
வேண்டாம் என்றது.
கட்டாயப்படுத்தினேன். அது என் பிழை.
அறுபத்து மூன்று சதவீதம்.
அறுபத்து மூன்று.
தேத்தண்ணி ஆறியது.
அறுபத்து மூன்று.
பிறகு செம்மஞ்சள் விளக்கு மட்டும்
விக்கல் எடுத்த பிள்ளை மாதிரி.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றவர்
ரவுட்டர் வாங்கியதில்லை.

பட்டர்க் கத்தியால் இரண்டையும் திறந்தேன்.
பழையதின் பலகையில்
பதினாறு மெகாபைட் ஃபிளாஷ், கட்டைவிரல் அளவு ஹீட்சிங்க்,
மூன்று அன்டெனாவுக்கும் மூன்று வயர்.
புதியதில் ஃபிளாஷ் நாலே நாலு.
பலகையும் பாதி; மீதி இடம் காற்று.
எட்டும் நாலும் அறியாததற்குப்
பதினாறு படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

இடது கொம்பில் வயர் இருந்தது.
வலது கொம்பில் இருந்தது.
நடுக் கொம்பின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தேன்,
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
ஒன்றும் இல்லை.
எதோடும் இணைக்கப்படாமல்
மற்ற இரண்டையும்விட விறைப்பாக நிற்கிறது.
யாரோ ஒருவர் கூட்டத்தில் சொல்லியிருப்பார்:
வயரை எடுத்துவிடலாம்,
கொம்பை எடுக்க வேண்டாம்,
பெட்டியில் இருக்கும் படம் மாறிவிடும்.

கோபம் வரவேண்டும். சிரிப்பு வந்தது,
பன்னிரண்டரை மணிக்கு, தனியாக.

உயிர்ப்பிக்கிற முறை இது:
குண்டூசியால் ரீசெட்டை அமுக்கி,
அமுக்கியபடியே கரண்ட் கொடுத்து,
பத்து வரை எண்ண வேண்டும்.
லாப்டாப்புக்கு அது எதிர்பார்க்கிற முகவரியைச் சூட்டி,
அது எதிர்பார்க்கிற பெயரில் கோப்பை
வயர் வழியாக அனுப்ப வேண்டும்.
இந்த முறை அதனுடைய கோப்பு.
வி5க்கு என்று கம்பெனி கடைசியாக எழுதிய,
அதன்பிறகு திரும்பிப் பார்க்காத,
மூன்றரை மெகாபைட்.
நாலாவது முயற்சியில் வாங்கிக்கொண்டது.
பச்சை.

அதிகம் செய்யாது.
இரண்டு அறை, ஒரு சுவர்.
வி2வோடு ஒப்பிட ஒரு அட்டவணை தொடங்கினேன்.
ஃபிளாஷ், ராம், வேகம், வெப்பம்.
கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவை மூடினேன்.
ரென்ஸுக்கு வேண்டியது ஒரு சுவர்தான்.

காலையில் கீழே கொண்டுபோய்
வாஷிங் மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.
மத்தியானம் டாலிசாயின் மெசேஜ்:
நன்றாக வேலை செய்கிறது, மகன் அறையிலேயே இருக்கிறான்.
முதலில் கொஞ்சம் விட்டு விட்டு வந்தது.
நடுவில் இருக்கிற அன்டெனாவை
ஜன்னல் பக்கம் திருப்பினேன்,
இப்போது மிகவும் தெளிவு.

கிரீஸ் கையோடு
நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
அப்படியே இருக்கட்டும்.
யாரையும் தொட விடாதீர்கள்.