ரெண்டு விரக்கடை

படகு வார்க்கும் கொட்டகையில்தான்
இந்தக் காரையும் வார்த்தேன்.
அதே பைபர் பாய், அதே ரெசின்,
எண்ணூர்க் காற்றின் ஈரம் பார்த்து
ஹார்டனர் கூட்டிக் குறைத்து.
அறுபதுகளின் இத்தாலிய வளைவு என்றார்
படம் கொண்டுவந்த பல் டாக்டர்.
எனக்கென்னவோ வஞ்சிர முதுகாகத்தான் பட்டது.
கை அதைத் தெரிந்தது போலவே போனது.

உடம்பு முடிந்தது. மூடியைத் தூக்கினால்
தரை தெரிந்தது.
சேஸிஸுக்கு வெல்டு வைத்த காதர் பாய்
காதில் செருகிய பீடியைத் தடவிக்கொண்டு,
"ம்... இன்னா இன்ஜின்?" என்றார்.
கேட்டதுதான் தாமதம்
காசிமேட்டில் பாதிப் பேர் மெக்கானிக் ஆனார்கள்.

லேலண்டு போடு என்றான் விசைப்படகு தேசப்பன்.
வண்டி நகராது மாமா,
ரோடு வேணா பின்னாடி வரும்.
டாக்டருக்கு எட்டு சிலிண்டர் வேண்டும்.
போனில் உறுமியே காட்டினார்.
அந்த எடையைத் தூக்கி வைத்தால்
நான் இழைத்தது கருவாடாய்ப் பிளக்கும், சார்.
சிட்டி இன்ஜின் நல்ல இன்ஜின்,
ஆனால் குறுக்கே படுத்து முன்சக்கரத்தை இழுக்கும்;
இது பின்னாலிருந்து தள்ள வேண்டிய வண்டி.
பியட் இன்ஜின் கச்சிதமாக உட்கார்ந்தது.
உட்கார்ந்தேதான் இருக்கும்,
பேசின் பிரிட்ஜ் ஏறாது.

வியாசர்பாடியில் மலிவாக ஒன்று.
ஹெட்டைக் கழற்றினால் வெள்ளத்துச் சேறு,
நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட தழும்பு.
பாய் ஒன்றும் பேசவில்லை,
கை துடைத்த துணியை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்.

அப்புறம்தான் பெரம்பூர்.
ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்புறம், தகரத்துக்கடியில் கான்டெஸா.
நாலு சிலிண்டர். நேராகப் படுக்கும். பின்னால் தள்ளும்.
புக் இருக்கிறது,
புக்கில் இருக்கிறவர் இல்லை.
வயலட் டிக்ரூஸ் சாவிக்கொத்தை
மேசைமேல் வைத்துக் கையை எடுக்காமல் சொன்னாள்:
"கழட்றதுக்கு முன்னாடி ஒரு தபா
ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும்."

புது பேட்டரி. கார்புரேட்டரில்
தண்ணி பாட்டில் பெட்ரோல்.
பதினோராம் தடவை பிடித்தது.
எலி ஒன்று சைலன்சரிலிருந்து தெறித்து ஓடியது.
அவள் வண்டியைப் பார்க்கவில்லை,
கேட்டைப் பார்த்தபடி நின்றாள்.
"மூணாவது சிலிண்டர் அடிக்கல.
ஆம்பூர் போய்ட்டு வந்ததுலேர்ந்து.
சொன்னா ஒத்துக்கவே மாட்டான் மனுஷன்,
உனக்கு இன்னா தெரியும்பான்."

பாய் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார்.
ஒன்றைப் பிடுங்க, தடுமாறியது.
இரண்டு, தடுமாறியது.
மூன்று.
சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.
"பதினேழு வருஷம்" என்று சிரித்தாள் வயலட்.
சிரித்து முடித்ததும்
விலையில் ரெண்டாயிரம் ஏற்றினாள்.
கொடுத்தோம்.

வால்வு மாற்றி இறக்கினால்
பானெட் மூட ரெண்டு விரக்கடை குறைகிறது.
இன்ஜினைத் தாழ்த்தினால் ஆயில் சம்ப்
மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி தோண்டிய
முதல் பள்ளத்திலேயே போய்விடும்.
அறுத்தேன்.
அறுக்கும்போது பல்லைக் கடித்தேன், என் வேலை அது.
மேலே ஒரு புடைப்பு வைத்துப் பாய் போட்டேன்.

"படத்துல இது இல்லியே?" டாக்டர் விரலால் தட்டினார்,
கடைவாயைத் தட்டுகிற மாதிரி.
படத்துல இருக்கிற இன்ஜினும்
இதுல இல்லியே சார்.

சாயந்திரம் வயலட்டுக்கு போன் போட்டு
சைலன்சர் பக்கம் பிடித்தேன்.
நாலும் அடித்தன, சீராக,
தையல் மிஷின் போல.
ரொம்ப நேரம் கேட்டாள்.
"நல்லாருக்கு.
இது எங்க வண்டி இல்ல."

என்ன சொல்லலாம் என்று நான் தேடுவதற்குள்
வாளியில் ரெசின் சூடேறி இறுகத் தொடங்கிவிட்டது.
தேசப்பன் படகுக்குக் கலந்தது.
வெச்சிடறேங்க, என்றேன்.