பதினொரு மாத ஒப்பந்தம்

எக்ஸ்ரேயை ஜன்னல் வெயிலில் பிடித்து
"எலும்பில் ஒன்றுமில்லை மௌசி" என்றாள் பிராஜக்தா.
அந்த ஒன்றுமில்லாததுதான்
ஆறு வாரமாய் என்னை
வலப்பக்கம் புரளவிடவில்லை.

சயான் ஆஸ்பத்திரி, பிசியோதெரபி அறை.
மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு,
தலையில் யாரோ காயப்போட்ட மழைத்தொப்பி.
அதன் கையைத் தூக்கித் தூக்கி
அவள் இந்தியில் சொல்லச் சொல்ல
நான் உள்ளுக்குள் தமிழில் தேடினேன்.
காறை எலும்பு.
கழுத்தில் காறை போட்டதில்லை ஒரு நாளும்,
காறை எலும்பு மட்டும் இரண்டு, பிறந்ததிலிருந்து.

ஒரு முழுக் கையும்
உடம்போடு எலும்பால் சேர்வது
அந்த ஒரே இடத்தில்தானாம்,
தொண்டைக் குழிக்குப் பக்கத்தில்.
தோள்பட்டை எலும்பு முதுகில் சும்மா சாய்ந்திருக்கிறது.
விலாவோடு பத்திரம் எதுவும் பதியவில்லை,
தசைகளின் வாய்ச்சொல்லில் காலம் தள்ளுகிறது.
பாண்டுப்பில் எங்கள் வீடு மாதிரி.
பதினொரு மாத ஒப்பந்தம்,
பன்னிரண்டாம் மாதம் பற்றி
யாரும் வாய் திறப்பதில்லை.

"இடுப்புக்கு ஆழக் குழி. தோளுக்கு வெறும் சாசர்"
என்று டீ சாசரில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டினாள்.
ஆழமாய்ப் பிடித்திருந்தால்
எச்சில் பட்ட கன்னம், எட்டாத பரண்,
அடுத்தவள் தோள், சொந்த முதுகு
இத்தனையும் தொட்டிருக்குமா?
விழுந்துவிடும்போல் இருப்பதால்தான்
எல்லாப் பக்கமும் போகிறது.
இப்போது அதைச் சுற்றிய சவ்வு
மழையில் நனைந்த காட்டன் ரவிக்கையாய்ச்
சுருங்கிவிட்டது. அவ்வளவுதான். அவ்வளவேதான்.

வீட்டில் எல்லாம் இறங்கி வந்தன.
சர்க்கரை டப்பா கீழ்த்தட்டுக்கு,
காபித்தூள் மேடைக்கு.
கொடியில் துணி உலர்த்த அவர்.
அவர் போட்டது காய்ந்த பின்னும்
பிழிந்த முறுக்கோடே தொங்கும்.
உள்ளாடைக் கொக்கியை முதுகில் மாட்ட,
இருபத்தாறு வருடம்
கழற்ற மட்டும் தெரிந்த விரல்களுக்கு
ஒரு வாரம் பிடித்தது.

எட்டு பதினேழு ஸ்லோ.
கைப்பிடிகள் தலைக்கு மேல் ஆடுகின்றன
ஆளுக்கொன்று உண்டு என்பதுபோல்.
காட்கோபர் கூட்டம் ஏறியதில்
அவர் மாட்டிய கொக்கி அவிழ்ந்தது.
இடது கையில் கம்பி, வலது கை இடுப்போடு.
நான் எதுவும் சொல்லவில்லை.
பின்னாலிருந்து ஒரு கை
ரவிக்கைக்கு மேலேயே தடவித் தேடி
இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டது.
திரும்புவதற்குள் குர்லா.
இறங்கும் கூட்டத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது,
நீளத் தையல் தழும்போடு,
முழுதாய் நீளாத முழங்கை.

வீட்டுச் சுவரில் விரல்களால் ஏறு என்றாள் பிராஜக்தா.
ஆட்காட்டி, நடு, ஆட்காட்டி, நடு,
நண்டு போல.
எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, தேதியோடு.
ஜூனில் சுவிட்ச் பெட்டி.
ஜூலைக் கடைசியில் அதற்கு மேல் நாலு விரல்.
கணபதி பத்து நாளும் ஒரே கோடு,
தெருவில் மேளம், தோளுக்குள் மேளம்.
அக்டோபரில் ஒரு கோடு கீழே போயிற்று.
அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.
காலண்டர் ஆணியைத் தொட்ட அன்று
தேதி போட மறந்துவிட்டேன்.

வாடகை ஏற்ற வந்த மாத்ரே
சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"பிள்ளைகள் உயரமா? உங்கள் பையன்
புனேயில் வேலை பார்க்கிறான் இல்லையா?"
"வளர்ந்தது நான்தான்" என்றேன்.
பெயின்டுக்கு
அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்றார்.
பிடித்துக்கொள்ளட்டும்.

சர்க்கரை இன்னும் கீழ்த்தட்டில்தான்.
எறும்புகள் மட்டும் பழைய நினைப்பில்
மேல்தட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகின்றன,
என் கோடுகளை ஒவ்வொன்றாய்த் தாண்டி,
அக்டோபரில் கொஞ்சம் நின்று.