இருபத்தாறு டம்ளர்

கல் மிதந்து கரைசேர்ந்த ஊர் என்பார்கள்.
எங்கள் தெருவில் மிதந்தவை
இரண்டு கேஸ் சிலிண்டர்,
பெஞ்சமின் சாரின் சோபா,
என் ஹெல்மெட்.

கெடிலம் வீட்டுக்குள் வந்த அந்த ராத்திரிதான்
மாடிக்கு மாடி கயிறு கட்டிப்
பால் பாக்கெட் அனுப்பியவரின் பெயர் தெரிந்தது:
கமாலுதீன்.
அதற்கு முன் ஆறு வருஷம்
கேட்டை மறித்து வண்டி நிறுத்துகிறவர், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து புரட்டாசி கடைசி ஞாயிறு
மழைக்கு முன்னே
வாய்க்காலில் இறங்கிவிடுகிறோம்.
மண்வெட்டி மூன்று, ஆள் இருபது,
அதட்டுகிறவர்கள் ஐந்து பேர்.
மாசி மகத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போட்ட
அதே வசூல் நோட்டில்
ப்ளீச்சிங் பவுடர் கணக்கு.
போன தடவை சேற்றில் ஒற்றைக் கொலுசு.
வெள்ளியா இல்லையா என்று
எலுமிச்சை சாதம் ஆறும்வரை சண்டை.

பச்சையம்மாளை மட்டும் இறங்கவிடுவதில்லை.
வருஷம் முழுக்க இதைத்தான் செய்கிறாள்,
மாநகராட்சி ஒப்பந்தக் கூலிக்கு.
இன்று அவளுக்கு நாற்காலி.
நாங்கள் மண்வெட்டி பிடிக்கும் லட்சணத்துக்கு
வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

முதல் வருஷம் டீ வந்தது,
எங்களுக்கு டம்ளரில்,
அவளுக்குப் பேப்பர் கப்பில்.
எங்கள் வீட்டு டீதான்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கமாலுதீன் தன் டம்ளரை நீட்டிவிட்டுக்
கப்பை வாங்கிக்கொண்டார்.
தெருவே சர்க்கரை கூடிவிட்டதைப் பற்றிப் பேசியது.

இப்போது டம்ளர் இருபத்தாறு.
கழுவுவது என் முறை.
கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுகிறேன்.
ஓடுகிறது.
இஸ்திரிக்கடை தாண்டித்
தயங்குகிறது.

"அங்க இன்னும் இருக்கு சார்" என்கிறாள்
நாற்காலியை விட்டு எழாமல்.