பக்கத்துக்கு அறுபது ரூபா

எட்டரைக்கே கடை திறந்தேன்.
தலவாக்கலை பஸ் நிலையத்தில்
பஸ்ஸின் நெற்றிப் பலகைகூடத் தெரியாத பனி.
முதல் ஆள் சதானந்தன்.
வெல்டர், என்.வி.கியூ. நாலாம் தரம்,
மூன்று மாதமாக வீட்டில்.
கையால் எழுதிய மனு ஒன்றை நீட்டினான்,
தட்டச்சில் வேண்டுமாம்.
நாற்பத்தொரு பேர் ஒப்பமிடுவார்களாம்.

'நீர்மின் குழாய் வேலைக்கு
அறுபது வெல்டர்மாரை வெளியிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.
எங்கள் பிள்ளைகளோ சான்றிதழோடு சும்மா நிற்கிறார்கள்.'
நியாயந்தான். விரல் ஓடியது.
'ஆகவே இந்த வந்தேறிகளுக்கு'

நின்றுவிட்டது.

கண்டியில் டைப்பிங் படித்த வருஷம்
போர்டிங் வீட்டுக்காரி எனக்கு வேறு சொல் வைத்திருந்தாள்.
கள்ளத்தோணி.
வாடகையை எண்ணி வாங்குகிற அன்றைக்கும் அதே சொல்தான்.
இப்போதும் மாதம் ஒருவராவது
பிரஜாவுரிமைச் சான்றை லேமினேட் பண்ண வருகிறார்,
ஏற்கெனவே லேமினேட் பண்ணியதன் மேல்
இன்னொரு தடவை.

'வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு' என்று அடித்தேன்.
சதானந்தன் திரையைப் பார்த்தான்.
'காரம் கொறைஞ்சிருச்சே அக்கா.'
'எழுத்துப்பிழை இருந்திச்சு' என்றேன்.

பதினொன்றரைக்குக் கம்பனிக் கடிதம் வந்தது.
விசா நீடிப்பு, பன்னிரண்டு பேருக்கு.
'இத்தகைய திறனுள்ளவர்கள் உள்ளூரில் கிடைக்கவில்லை.'
கடிதத்தோடு வந்தவன் பிஜய், ஒடிசாக்காரன்.
அவனுடைய பாஸ்போர்ட் கம்பனி அலுமாரியில்;
அதன் கொப்பியைக் கொப்பி எடுக்க வந்திருந்தான்.
தமிழில் நாலு சொல் தெரியும்:
தண்ணி, டீ, காசு, நாளைக்கு.
ஒரு நாள் கூலியை விரலால் காட்டினான்.
சதானந்தன் கேட்கிறதில் பாதிகூட இல்லை.

கடிதத்தில் இரண்டு சொல் விடுபட்டிருந்தது,
'இந்தக் கூலிக்கு' என்று.
நான் சேர்க்கவில்லை.
காசு கொடுக்கிறவன் கடிதத்தில்
எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்துவேன்.

போட்டோவுக்குக் கடையில் ஒரே ஒரு கோட்டு,
கருநீலம், முதுகில் கிளிப் போட்டு இறுக்குவது.
அதை மாட்டிக்கொண்டு பிஜய் வெள்ளைத் துணி முன்னால் உட்கார்ந்தான்.
அப்போது மழை பிடித்தது.

மழையோடு சதானந்தன் திரும்பி வந்தான்.
மனுவில் இருபத்தேழு ஒப்பம்,
மூன்று நனைந்து நீலமாய்ப் பரவியிருந்தது.
மனுவுக்குக் கீழே இன்னொரு உறை.
ருமேனியா. கப்பல் கட்டுகிற இடம்.
ஏஜென்சி கேட்கிறது:
போட்டோ நாலு, சான்றிதழ்க் கொப்பி,
முதலாளி கடிதத்துக்குத் தமிழ்.
வாசித்தேன்.
அதே வரி அங்கேயும்.
மத்தியானக் கடிதத்தைத் திறந்து
அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன்.
ஆனாலும் அறுபது ரூபா வாங்கினேன்.

பிஜய் கோட்டைக் கழற்றி
அவனிடமே நீட்டினான்.
கை நீட்டியபோது இருவர் மணிக்கட்டிலும்
ஒரே மாதிரிப் பொட்டுப் பொட்டாய்த் தீப்பொறி வடு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சதானந்தனின் சிவந்த கண்ணைக் காட்டி
பிஜய் விரலால் காற்றில் எதையோ வெட்டினான்,
மெல்லிசாக, வட்டமாக,
மூடிய இமைமேல் வைத்துக் காட்டினான்.
'தெரியும், உருளைக்கிழங்கு' என்றான் சதானந்தன்.
'நேத்து ராத்திரி அக்கம்பக்கத்து கேட்டு ஒட்டினேன்,
கண்ணாடி இல்லாம.'
பிஜய்க்கு அது விளங்கவில்லை. தலையாட்டினான்.
மழை விடாததால்
வாசலிலேயே நின்றான்.

கோட்டு இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும்,
தோளை ஒரு தரம் உதறிக்கொண்டான் சதானந்தன்.
முதுகுக் கிளிப்பை நான் இறுக்கும்போது கேட்டான்:
'அங்கேயும் யாராச்சும் மனு எழுதுவாங்களா அக்கா?'

'எழுதுவாங்க.'

'என்னா சொல்லு போடுவாங்க?'

மனு மேசையில் காய்ந்துகொண்டிருந்தது,
விசிறிக் காற்றில் ஒரு மூலை தூக்கித் தூக்கி விழுந்தது.
எந்த ஊரிலோ ஒருத்தி
இப்போது விரலை நிறுத்தியிருப்பாளோ, என்னவோ.

'நாடியைக் கொஞ்சம் தூக்கு' என்றேன்.
'நேரே பாரு.
விசா போட்டோ,
சிரிக்கக் கூடாது.'