கேள்வி ஒன்பது

ஸ்வகோப்முண்டுக்கு வடக்கே, கடலோரச் சாலையில்
வண்டியை ஓரங்கட்டினேன்.
தார் இல்லை. சிமெண்ட் இல்லை.
ஜிப்சம் மண்ணை வாரிப் பரப்பி
உப்பளத்துக் கரிப்புநீரைத் தெளித்து
இழைத்து இழைத்து ஆக்கிய சாலை.
மேலே டயர்கள் தேய்த்த கருப்பு.
தூரத்திலிருந்து பார்த்தால்
தார் என்றே சத்தியம் செய்வீர்கள்.

மடியில் படிவம், பதினொரு பக்கம்.
கேள்வி நான்கு: பிணைப்புப் பொருள் எது?
'உப்பு' என்று எழுதினேன்.
'கடல்' என்று திருத்தினேன்.
அதையும் அடித்தேன்.
வின்ட்ஹுக்கில் இதைப் படிக்கப்போகிறவர்
கவிதை கேட்கவில்லை.

கிரேடரிலிருந்து இறங்கிவந்த லுக்ரேசியா கௌசெஸ்
தர்பூசணியைத் தட்டுகிறவள்போல
குதிகாலால் சாலையை இரண்டு தட்டு தட்டினாள்.
"இன்றைக்கு இறுக்கம்."
"நேற்று?"
"நேற்று பனி வரவில்லை. ஒரே புழுதி."

விடியுமுன் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி
உப்புக்கு ஒரு மிடறு கொடுத்துவிட்டுப் போகிறது.
அதைக் குடித்துத்தான் இது கல்லாகிறது.
ஒரு மிடறு கூடிப்போனால் வழுக்கும்:
போன ஆகஸ்டில் ஒரு மீன் லாரி
பக்கவாட்டில் நகர்ந்து
மெதுவாக, மரியாதையாகக் கவிழ்ந்ததாம்.

மூடுபனிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கேள்வி பத்து: பெரும் அபாயம்.
"மழை," என்றாள் யோசிக்காமல்.
பிறகு யோசித்து:
"உள்ளே, ஒகோம்பாஹேவில்,
அண்ணனின் ஆடுகளுக்கு மூன்று வருடமாக மழை இல்லை.
இங்கே அரைமணி நேரம் பெய்தால்
எனக்கு மூன்று வாரம் தூக்கம் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்
நான் எந்தப் பக்கம் நிற்பது?
அதைக் கேட்டிருக்கிறார்களா?"

கேட்கவில்லை.
கேட்டிருப்பது இதுதான்:
பராமரிப்புச் சார்பு. குறைவு, நடுத்தரம், அதிகம்.
'அதிகம்' என்றால் மதிப்பெண் கழியும்.
அதிகம் என்றால்
அவள், அவளுடைய வாளி,
குழி விழுந்த இடத்திலேயே குனிந்து
அங்கேயே மண்ணெடுத்து
மதியத்துக்குள் மூடிவிட்டு ரொட்டி தின்னும் அந்தக் கை.
தார் போட்டால் கழியாது.
தார் எங்கிருந்தோ கப்பலில் வரும்,
நாற்பது ஆண்டு என்ற வாக்குறுதியோடு.
அதன் விளிம்பைக் கடற்காற்று கடிக்கும்போது
குனிய யாரும் சம்பளத்தில் இருக்கமாட்டார்கள்.

உப்பிட்ட கடலை உள்ளளவும் நினைக்கிறது சாலை.
எனக்குச் சம்பளம் படிவத்துக்கு.

மணி ஒன்பதிருக்கும்.
மறுபடி பனி இறங்க, லுக்ரேசியா விளக்கைப் போட்டுக்கொண்டு
ஐம்பதடி போவதற்குள் காணாமல் போனாள்.
இயந்திரச் சத்தம் மட்டும் ஏதோ ஒரு திசையில்.

கேள்வி ஒன்பது: ஆயுட்காலம், ஆண்டுகளில்.
எழுதலாம் என்று பார்த்தால்
காகிதம் நமத்துப்போயிருக்கிறது.
பேனா பிடிக்க மறுக்கிறது.